தேவ சித்தத்தை அறிய எந்த வழி? ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உரைகல்

இந்த வேலையை விட்டுவிடலாமா, இந்த வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா, முழுநேர ஊழியத்துக்குப் புறப்படலாமா என்ற கேள்வி வரும்போது, "இதில் கர்த்தருடைய சித்தம் என்ன?" என்று விசுவாசி கேட்கிறார். அதற்குப் பதில் தேடிப் போகும் வழிகளோ பல. ஒருவர் அடையாளம் கேட்கிறார். ஒருவர் வேதத்தைத் திறந்து கண்ணில் பட்ட வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார். மனதில் சமாதானம் வரட்டும் என்று காத்திருப்பவர் உண்டு, தீர்க்கதரிசனம் கேட்கப் போகிறவர் உண்டு, உட்கார்ந்து யோசித்து நாலு பேரிடம் கேட்டு முடிவெடுப்பவரும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேதத்தில் எங்கோ ஒரு முன்மாதிரி கிடைத்துவிடுகிறது. குழப்பம் வருவதே அதனால்தான்.

இந்த வழிகளை ஒப்பிட எங்களிடம் இருக்கும் உரைகல் ஒரே கேள்வி: நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், நீங்கள் போகும் வழி அதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்குமா? ரோமர் 12:2-இல் தேவ சித்தத்தைப் "பகுத்தறிய" என்று வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், பொன்னைச் சோதித்துப் பார்ப்பதற்கும் வழங்கிய சொல். சித்தத்தை அறிவது என்றால் சோதித்துத் தெளிவது என்றே பவுல் எழுதுகிறார். சோதிக்க இடமே தராத வழி எவ்வளவு பக்தியாகத் தெரிந்தாலும் ஆபத்தானது.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கு உரியவை என்று உபாகமம் 29:29 கோடு கிழிக்கிறது. நாளை நடக்கப்போவது முதல் வகை. அதைத் தெரிந்துகொண்டு நடக்கும்படி நமக்கு எங்கும் கட்டளை இல்லை. பரிசுத்தமாயிருப்பதும் (1 தெசலோனிக்கேயர் 4:3) எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதும் (5:18) தேவனுடைய சித்தம் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டவை. இவற்றுக்கு அடையாளம் தேவையில்லை.

ஆகவே உங்கள் கேள்வியைக் காகிதத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு, "இதற்கு வேதத்தில் ஏற்கெனவே கட்டளை இருக்கிறதா?" என்று பாருங்கள். பொய்க்கணக்கு எழுதினால்தான் நிலைக்கும் என்று தெரிந்த வேலையைப் பற்றி நாற்பது நாள் உபவாசித்து நடத்துதல் கேட்க வேண்டாம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் ஊழியத்துக்குப் போகலாமா என்பதும் அப்படித்தான். இங்கே தெரியாமல் இருப்பது சித்தம் இல்லை, கீழ்ப்படிய மனம் வரவில்லை, அவ்வளவே. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், எந்தக் காரியத்திலும் முதலில் செய்தது தன் சொந்த விருப்பத்தை இறக்கிவைப்பதுதான். இருதயம் எதற்கும் ஆயத்தமாகிவிட்டால் கஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்தது என்று அவர் எழுதினார்.

கட்டளை எதுவும் தடுக்காவிட்டால், அது பெரும்பாலும் உங்களுக்கு விடப்பட்ட காரியம். மறுமணம் செய்ய விரும்பும் விதவையைப் பற்றி 1 கொரிந்தியர் 7:39 சொல்வதைப் பாருங்கள். தனக்கு இஷ்டமானவரை மணக்க அவளுக்கு விடுதலை உண்டு. கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே வேலி. "உனக்கென்று குறித்த அந்த ஒருவரைக் கண்டுபிடி" என்று பவுல் அவளை அலைய விடவில்லை. கீழே ஒப்பிடும் வழிகளெல்லாம் இந்த வேலிக்குள் இருக்கும் கேள்விகளுக்கு மட்டும்.

அடையாளமும் சீட்டும்

"நாளைக்குள் போன் வந்தால் இது உம்முடைய சித்தம்" என்று ஜெபிப்பவர்கள் கிதியோனைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நியாயாதிபதிகள் 6-ஐ முழுவதும் வாசித்தால் வேறு படம் தெரிகிறது. 14-ஆம் வசனத்திலேயே, "போ, உன்னை அனுப்புகிறேன்" என்று கர்த்தர் சொல்லிவிட்டார். பனி இதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அவன் களத்தில் ஆட்டுத்தோலைப் போடுவது 37-ஆம் வசனத்தில். சித்தம் தெரியாமல் அவன் தோலைப் போடவில்லை, தெரிந்த சித்தத்துக்குப் பயந்து போட்டான். இரண்டாம் முறை கேட்கும்போது, "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று அவனே தயங்குகிறான். பனி இரண்டு விதமாகப் பெய்தும் பயம் போகவில்லை. 7-ஆம் அதிகாரத்தில் மீதியானியருடைய பாளயத்துக்குள் இறங்கி, எதிரி ஒருவன் சொன்ன சொப்பனத்தைக் கேட்ட பிறகே திடன்கொள்கிறான். அடையாளம் பயத்தைத் தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆதியாகமம் 24-இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் வேறு ரகம். அவனோடு வந்தவை பத்து ஒட்டகங்கள். கேட்காமலே அவற்றுக்கும் தண்ணீர் வார்க்கிற பெண் என்றால், அவளுடைய உழைப்பும் உபசரிக்கும் குணமும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அவன் கேட்ட அடையாளத்துக்குள் பெண்ணின் தகுதி பற்றிய விசாரணையும் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தால் சம்மதம், சிவப்பு எரிந்தால் மறுப்பு என்கிற அடையாளத்தில் அப்படி ஒன்றும் இல்லை. விளக்கின் நிறத்துக்கும் வரனின் குணத்துக்கும் என்ன தொடர்பு?

சீட்டுப்போடுதலும் இதே குடும்பம். மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் சீட்டுப் போட்டார்கள் (அப்போஸ்தலர் 1:26). அதற்கு முன் இயேசுவோடு முதலிலிருந்து சஞ்சரித்தவரா, உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியா என்று தகுதி பார்த்து இரண்டு பேரை நிறுத்திய பிறகே போட்டார்கள். ஆவியானவர் இறங்கிய பின் அப்படி ஒரு தெரிந்தெடுப்பு புதிய ஏற்பாட்டில் பதிவாகவில்லை. 6-ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைச் சபையே விசாரித்துத் தெரிந்துகொள்கிறது.

சபை வரலாற்றிலும் பாடம் உண்டு. பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1737 மார்ச்சில், ஜார்ஜியாவில், சோஃபி ஹாப்கியை மணப்பதா என்று முடிவுசெய்ய மூன்று சீட்டுகள் எழுதினார். மணந்துகொள், இந்த ஆண்டு நினைக்காதே, இனி நினைக்கவே வேண்டாம் என்பவை அவை. மூன்றாவது வந்தது. அதே மாதம் அவள் வேறொருவரை மணந்தாள். சில மாதங்களில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து மறுத்தார், வழக்கு வந்தது, ஆண்டு முடிவதற்குள் ஊரைவிட்டே போனார். சீட்டு பதிலைக் கொடுத்தது. மனதில் இருந்த சிக்கல் அப்படியே இருந்தது. திருமணங்களுக்குச் சீட்டுப் போட்டுவந்த மொராவிய சபையாரும் 1818-இல் சாதாரண அங்கத்தினரை அந்த விதியிலிருந்து விடுவித்தார்கள்.

உரைகல்லில் வைத்தால், அடையாளமும் சீட்டும் தேறுவது மிகச் சிறிய இடத்தில். எல்லா விதத்திலும் சமமான இரண்டு நல்ல வழிகள், எதைத் தேர்ந்தாலும் யாருக்கும் சேதமில்லை, வேலைப்பங்கீடு போன்ற காரியம் என்றால் சீட்டுப் போடுங்கள், சண்டை ஓயும். திருமணத்துக்கோ ஊழிய அழைப்புக்கோ வேண்டாம்.

கண்ணில் பட்ட வசனம்

இதற்குப் பெரிய சாட்சியாகக் காட்டப்படுபவர் அகுஸ்தீன். 386-இல் மிலானில், ஒரு தோட்டத்தில், எடுத்து வாசி என்ற குரலைக் கேட்டு நிருபத்தைத் திறந்தார். ரோமர் 13:13, 14 கண்ணில் பட்டது, மனந்திரும்பினார். ஆனால் அந்த வசனம் அவருக்குச் சொன்னது என்ன? துர்இச்சையை விடு, கிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்பதுதானே. புத்தகத்தை ஏதோ ஓர் இடத்தில் திறக்காமல் முறையாக வாசித்துவந்திருந்தாலும் அந்தக் கட்டளை அவருக்கு உரியதாகவே இருந்திருக்கும். பின்னாளில் அவரே, உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களிலிருந்து குறி எடுக்கிற வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்று கடிதத்தில் எழுதினார். 506-இல் ஆக்டே என்ற ஊரில் கூடிய ஆயர்களின் சங்கம் வேதத்தை வைத்துக் குறி பார்ப்பதைத் தடைசெய்தது.

உபாகமம் முதல் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் 6-ஆம் வசனத்தில் விழுந்தால், இந்த மலையருகே தங்கியிருந்தது போதும், புறப்படு என்று இருக்கும். 42-ஆம் வசனத்தில் விழுந்தால், போகாதே, நான் உங்கள் நடுவே இல்லை என்று இருக்கும். ஒரே அதிகாரம், ஒரே ஜனம். யாருக்கு, எப்போது, ஏன் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் எடுத்தால் இரண்டில் ஒன்று உங்களைக் கெடுக்கும். உங்களுக்குப் பிடித்த வசனம் வரும்வரை மறுபடி திறக்கத் தோன்றும் என்பது அடுத்த ஆபத்து. வேதத்தால் நடத்தப்பட விரும்பினால், முடிவு தேவைப்படாத நாட்களிலும் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்துவாருங்கள். அந்த வரிசையில் இன்று ஒரு வசனம் உங்களைத் தொட்டால், அதன் சந்தர்ப்பமும் கூடவே கையில் இருக்கும்.

மனதில் சமாதானம்

பலர் சார்ந்திருப்பது இதில்தான். கொலோசெயர் 3:15-ஐ மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பகுதி பேசுவது ஒரே சரீரமாக அழைக்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கி மன்னித்து வாழ்வதைப் பற்றி. வேலை மாற்றம் பற்றிய உள்ளுணர்வு அங்கே பேச்சு இல்லை. யோனா கீழ்ப்படியாமல் ஓடும்போது கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். நம் ஆண்டவரோ பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில், கெத்செமனேயில், வியாகுலப்பட்டார். சமாதானம் இருந்தால் சித்தம், இல்லாவிட்டால் சித்தமில்லை என்ற கணக்கு இந்த இரண்டு இடங்களிலும் தலைகீழாகிறது.

சுபாவமும் இதில் குறுக்கிடும். கவலைப்படும் சுபாவமுள்ளவருக்கு எந்த முடிவிலும் சமாதானம் வராது, துணிச்சல்காரருக்கு எல்லாவற்றிலும் வந்துவிடும். கடினமான ஒன்றை வேண்டாம் என்று தீர்மானித்த அந்த நிமிடத்தில் வரும் நிம்மதியை, தேவ சமாதானம் என்று எண்ணி ஏமாறுவது இன்னும் சகஜம். தப்பித்த நிம்மதி ஓரிரு நாளில் வற்றிவிடும்.

ஆனால் உள்மனதின் அசைவுகளை ஒதுக்கிவிடவும் முடியாது. அவற்றை நிதானமாகச் சோதிக்கும் முறையை விட்டுச்சென்றவர், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனாவில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்துப் பின்பு வெறுமையை விட்டன. புனிதர்களைப்போல் வாழும் எண்ணமோ வந்துபோன பின்பும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. அந்தக் கணத்து உணர்ச்சியை விட்டு, அது போன பின் தங்குவது என்ன என்று அவர் பார்த்தார். அவருடைய பயிற்சி முறைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் 1548-இல் கிடைத்தது. கத்தோலிக்கர் தெளிந்து தேர்தல் என்று சொல்வது இந்த மரபைத்தான். எந்தச் சபையாரும் பயன்படுத்தக்கூடியவை அதில் உண்டு.

செய்யும் விதம் இது. "போகிறேன்" என்று முடிவெடுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு ஒரு வாரம் வாழுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஜெபத்துக்குப் பின், மூன்று வரி எழுதுங்கள்: எது என்னை ஜெபத்துக்கும் அன்புக்கும் இழுத்தது, எது உள்ளே சுருங்க வைத்தது, அது எவ்வளவு நேரம் தங்கியது. அடுத்த வாரம் "போகவில்லை" என்று எண்ணி அதையே செய்யுங்கள். பதினான்கு நாள் குறிப்புகளையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். தூங்காத இரவிலும், கோபத்திலும், துக்கத்திலும் எழுதியவற்றைத் தனியாக அடையாளமிடுங்கள், எடை குறைத்துப் பாருங்கள். மனம் இருண்டு வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் உறுதியான விதி. பலர் ஊழியத்தையும் சபையையும் உறவையும் விட்டுவிடுவது அப்படிப்பட்ட வாரங்களில்தான்.

திறந்த கதவு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குக் கப்பல் தயாராக நின்றது, கட்டணம் கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. கதவு திறந்திருந்ததற்கு அதைவிட என்ன வேண்டும்? எபேசுவில் பவுலுக்குப் பெரிய கதவு திறந்தது, கூடவே விரோதிகளும் அநேகர் இருந்தார்கள் (1 கொரிந்தியர் 16:9), அவர் தங்கினார். துரோவாவிலும் கதவு திறந்திருந்தது. தீத்துவைக் காணாததால் ஆவியில் அமைதியில்லாமல் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார் (2 கொரிந்தியர் 2:12, 13). வாய்ப்பு கட்டளையாகாது, எதிர்ப்பு தடையாகாது. சூழ்நிலை என்பது யோசிக்க வேண்டிய தகவல், அந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீர்க்கதரிசன வார்த்தை

தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்ற கட்டளைக்கு அடுத்த வசனமே எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்கிறது. ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:29). ஆகவே தனியறையில் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று கட்டிவைக்கும் வார்த்தை அந்த ஒரு காரணத்துக்காகவே நிற்கவில்லை.

அப்போஸ்தலர் 21 இங்கே நன்றாக உதவும். பவுல் எருசலேமில் கட்டப்படுவார் என்று அகபு முன்னறிவித்தது உண்மையான வார்த்தை. கேட்டவர்கள் எல்லாரும் "அப்படியானால் போகாதே" என்று அர்த்தம் எடுத்து அழுதார்கள். பவுல் அதே வார்த்தையைக் கேட்டுப் போகத் தீர்மானித்தார். சொல்லப்பட்டது ஒன்று, அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு வேறொன்று. 1 இராஜாக்கள் 13-இல் தேவனுடைய மனுஷன் ஒருவன், தனக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளையை விட்டு, ஒரு தூதன் சொன்னான் என்று பொய் சொன்ன கிழத் தீர்க்கதரிசியை நம்பினான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது.

வார்த்தை வந்தால் மூன்றைப் பாருங்கள். தேவன் ஏற்கெனவே உங்களுக்கு உணர்த்திவந்ததை இது உறுதிப்படுத்துகிறதா, அல்லது எங்கிருந்தோ புதிதாக வந்து விழுகிறதா? இது நடந்தால் சொன்னவருக்கு ஏதாவது லாபம் உண்டா? உங்களை அறிந்த மூப்பரிடம் இதைக் கொண்டுபோய் வைக்க, வார்த்தை சொன்னவர் சம்மதிக்கிறாரா? காணிக்கை வாங்கிக்கொண்டு சொல்லப்படும் வார்த்தையை உடனே தள்ளிவிடுங்கள்.

"கர்த்தர் உன்னை எனக்கென்று காட்டினார்" என்று ஒருவர் வந்து நின்றால் பயப்படத் தேவையில்லை. அவரிடம் பேசிய தேவனுக்கு உங்களிடமும் பேசத் தெரியும். நீங்கள் வேண்டாம் என்று சொல்வது தேவனுக்கு விரோதமான பாவம் ஆகிவிடாது. இப்படிச் சொல்லப்பட்டு, மறுக்கப் பயந்து திருமணம் செய்துகொண்டு வாழ்நாளெல்லாம் தவிப்பவர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறோம். தவறு என்று சொல்லவே இடமில்லாமல் வாயை அடைக்கும் வழி இது. எங்கள் அளவுகோலில் கடைசி இடம் இதற்குத்தான்.

ஞானமும் ஆலோசனையும்

முதலிடம் இதற்கு. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்கிறது யாக்கோபு 1:5. எருசலேம் சங்கம் சாட்சிகளைக் கேட்டு, வேதத்தை வைத்து வாதித்து, பிறகு, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதியது (அப்போஸ்தலர் 15:28). ஆவியானவரின் நடத்துதலும் மனிதரின் விவாதமும் அங்கே ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. மக்கெதோனியாவுக்கு வரும்படி அழைத்த தரிசனத்திலும் அப்படியே: தரிசனம் கண்டது பவுல், நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்" என்கிறார் லூக்கா.

இஞ்ஞாசியாரின் நான்கு பத்தி அட்டவணையில் தொடங்குங்கள். போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. இரண்டு பத்தி போதாதா என்று தோன்றும். நான்காக எழுதினால்தான் சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது தெரியும். பிறகு எண்ணிக்கையைப் பார்க்காமல், தேவனையும் பிறனையும் நேசிப்பதற்கு எது எவ்வளவு கனமானது என்று எடை பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன், மரணப்படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன் என்ற இரண்டு கேள்விகளும் அவர் தந்தவையே.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும். உங்களை நெடுநாள் அறிந்தவர் ஒருவர், அந்தத் துறையை அறிந்தவர் ஒருவர், உங்களிடம் இல்லை என்று சொல்லத் தயங்காதவர் ஒருவர். மூவரிடமும் ஒரே விவரத்தைக் கொடுங்கள், சாதகமில்லாத விவரங்களையும் சேர்த்தே. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா முதியோரிடமும் கேட்டான், தன்னோடு வளர்ந்தவர்களிடமும் கேட்டான். பிடித்த பதிலை வைத்துக்கொண்டான், பத்துக் கோத்திரங்களை இழந்தான். குவேக்கர் சபையாரின் தெளிவுக் குழு முறை இதற்கு நல்ல மருந்து: ஐந்தாறு பேர் கூடி, புத்தி சொல்லாமல், கேள்வி மட்டும் கேட்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நீங்கள் மறைத்துவைத்தது வெளியே வந்துவிடும்.

இந்த வழியும் தவறும். யோசுவா 9-இல், தூரதேசத்தார்போல் நடித்த கிபியோனியர் கொண்டுவந்த பூசணம் பூத்த அப்பத்தையும் பீறல் துருத்திகளையும் இஸ்ரவேலர் நன்றாகவே பரிசோதித்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை என்று 14-ஆம் வசனம் குறித்துவைக்கிறது. சாட்சிப்பொருளைச் சோதித்துவிட்டோம் என்ற திருப்தியே ஜெபத்துக்குப் பதிலாகிவிட்டது. இன்னொரு கோளாறு, யோசனை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போவது. அதற்காகத்தான் தொடக்கத்திலேயே ஒரு கடைசி நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கேள்விக்கு எந்த வழி

வேலை அல்லது இடமாற்றம் என்றால், அட்டவணையும் மூன்று ஆலோசகரும் முதுகெலும்பு, பதினான்கு நாள் குறிப்பு துணை. வயதான பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு போன்றவை நான்கு பத்திக்குள் அடங்காது, அது 1 தீமோத்தேயு 5:8-இன் கட்டளை, பராமரிப்புக்கு ஏற்பாடு செய்த பின்பே மற்றதை எடை பாருங்கள். திருமணத்துக்கு, கர்த்தருக்குட்பட்டவர் என்ற வேலிக்குப் பின், குணத்தை விசாரிக்கும் காலமே முக்கியம். கோபம், பணம், வாக்குறுதி ஆகிய மூன்றிலும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அவரோடு வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். ஊழிய அழைப்பில் மட்டும் உள்ளே எழும் ஏவுதலுக்கு அதிக இடம் உண்டு. அங்கும் அந்தியோகியாவில் நடந்ததுபோல (அப்போஸ்தலர் 13:1-3) சபை உபவாசித்து, கைவைத்து அனுப்ப வேண்டும். சபை தயங்கினால் ஓராண்டு அதே ஊழியத்தைப் பகுதி நேரமாகச் செய்துகாட்டுங்கள். வரம் இருந்தால் பலன் தெரியும்.

முடிவெடுத்த பின் கஷ்டம் வந்தால், வழி தவறிவிட்டோம் என்று உடனே திரும்பாதீர்கள். மக்கெதோனியத் தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்த பவுல் பிலிப்பியில் அடி வாங்கித் தொழுமரத்தில் கிடந்தார். உண்மையிலேயே தவறியிருந்தாலும் வாழ்க்கை இரண்டாந்தரத் திட்டத்துக்குத் தள்ளப்படுவதில்லை. பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்தோடு பிரிந்தது மாற்கின் பொருட்டு. அதே மாற்கை, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், அழைத்துக்கொண்டு வா என்று பவுலே பின்னால் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11).

முடிவை எழுதும் காகிதத்திலேயே மூன்று மாதம் கழித்து ஒரு தேதியையும், எதைக் கண்டால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்ற ஒரு வரியையும் எழுதிவையுங்கள். ஆலோசனை சொன்ன மூவரில் ஒருவரிடம் அதன் நகல் இருக்கட்டும். மற்றவர்களுக்கு அறிவிக்கும்போது "கர்த்தர் சொன்னார்" என்று தொடங்க வேண்டாம். "ஜெபித்து, ஆலோசித்து, இப்படித் தீர்மானித்திருக்கிறோம், கர்த்தருக்குச் சித்தமானால் ஜூன் மாதம் புறப்படுகிறோம்" என்று சொல்லுங்கள். யாக்கோபு 4:15 கற்றுத்தரும் பேச்சும் அதுவே. உங்களைத் திருத்த விரும்பும் சகோதரனுக்கு வாயைத் திறக்க அதில் இடம் இருக்கிறது.